கம்பெனி அப்புறம் ஆரம்பிக்கலாம்... முதல்ல உங்க தொழிலோட பேர் யாருதுன்னு முடிவு பண்ணுங்க!



வடுகபட்டின்னு சொன்னா நிறைய பேருக்குக் கவிஞர் வைரமுத்து ஞாபகம் வரும். தேனி, பெரியகுளம் பக்கம் வியாபாரம் பண்றவங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது பூண்டுதான். வியாழனும் ஞாயிறும் சந்தை. பூம்பாறை, மன்னவனூர்னு கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்கள்ல விளையுற மலைப்பூண்டு இங்க வந்து இறங்கும். வடநாட்டுப் பூண்டும் வரும். மூட்டையா வாங்கி மூட்டையா விக்கிற வரைக்கும் தொழிலுக்குப் பேர் ஒரு பெரிய விஷயமே இல்ல. ஆளைத் தெரியும், சரக்கைத் தெரியும், யாவாரம் நடக்கும்.

பேர் எப்ப முக்கியமாகுது தெரியுமா? சரக்கு பாக்கெட்டுக்குள்ள போற அன்னைக்கு. கோயம்புத்தூர்ல பாக்கெட்டைக் கையில எடுக்கிறவருக்கு உங்க முகம் தெரியாது, கடை தெரியாது. மறுபடியும் வாங்கணும்னா அவருக்கு ஞாபகம் இருக்கப்போறது அதுமேல இருக்கிற பேர் மட்டும்தான்.

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். வடுகபட்டியில ஒரு கணவன் மனைவி. அவர் சந்தையில பூண்டு வாங்கி விக்கிறவர். அந்தம்மா வீட்ல போடுற பூண்டு ஊறுகாய்க்கு அக்கம்பக்கத்துல நல்ல பேர். உரிச்ச பூண்டு, ஊறுகாய் ரெண்டையும் பாக்கெட் போட்டு வெளியூருக்கு அனுப்பலாம்னு முடிவு பண்றாங்க. கையில அம்பதாயிரம் ரூபாய் இருக்கு. உடனே யாராவது ஒருத்தர் சொல்லுவார்: "முதல்ல பிரைவேட் லிமிடெட் போட்டுருங்க. அப்பதான் மதிப்பு. பேரும் உங்களுக்கே லாக் ஆயிரும்."

இந்த அறிவுரையில ரெண்டு பாதியுமே இவங்களுக்குப் பொருந்தாது. சின்னதா ஆரம்பிக்கிறவங்க முதல் பணத்தைக் கம்பெனிக்குச் செலவு பண்ணக் கூடாது, பேருக்குச் செலவு பண்ணணும். அதைவிட முக்கியம், அந்தப் பேர் வீட்ல யாருக்குச் சொந்தம்ங்கிறதை முதல் நாளே எழுதி வைக்கணும். இதுதான் என்னோட கருத்து. ஏன்னு பார்க்கலாம் வாங்க.

எந்தப் பேப்பர் எதுக்கு?

நம்ம ஆளுங்க பண்ற பெரிய குழப்பமே இதுதான். கையில ஒரு சர்டிபிகேட் வந்து, அதுல கடைப் பேர் அச்சாகி இருந்தா, பேர் நமக்கே சொந்தம்னு நினைச்சுக்கிறோம். அப்படி இல்லைங்க. ஒவ்வொரு பேப்பரும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

உத்யம் பதிவு: நீங்க ஒரு சிறு தொழில் நடத்துறீங்கங்கிறதுக்கு ஆதாரம். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில இருக்கு. ஆதாரும் பான் நம்பரும் இருந்தா ஆன்லைன்ல நீங்களே பதியலாம். கட்டணம் ஒரு பைசா கிடையாது, புதுப்பிக்கவும் வேண்டாம். தேடும்போது அரசுத் தளம் மாதிரியே தோற்றம் காட்டுற தனியார் தளங்கள் முதல்ல வந்து நின்னு பணம் கேக்கும். முகவரி 'ஜிஓவி டாட் இன்'னு முடியுதான்னு பாத்துட்டு உள்ள போங்க. இன்னொரு விஷயம்: வெறும் வாங்கி விக்கிற வியாபாரின்னு பதிஞ்சா, முன்னுரிமைக் கடன் சலுகை மட்டும்தான். ஊறுகாய் போடுறது உற்பத்தி. அதை உற்பத்தின்னே பதிஞ்சா, சரக்கு வாங்கின கம்பெனி 45 நாளுக்கு மேல பணத்தை இழுத்தடிக்கும்போது சட்டப்படி கேக்கிற உரிமையும் கிடைக்கும்.

எஃப்எஸ்எஸ்ஏஐ: நீங்க விக்கிறது உணவு, அதுக்கு நீங்க பொறுப்புங்கிறதுக்கு ஆதாரம். சின்ன அளவுல பண்றவங்களுக்கு அடிப்படைப் பதிவுக் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். அந்த 14 இலக்க எண் பாக்கெட் மேல இருக்கணும்.

பாக்கெட் போடுறதுக்கான பதிவு: எடை, விலை, தயாரிச்ச மாசம், முகவரி, புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் அச்சடிக்கணும்னு சட்டமுறை எடையளவு விதிகள் (2011) சொல்லுது. பாக்கெட் போடுறவரா உங்களைப் பதிவு பண்ணிக்கவும் செய்யணும், கட்டணம் 500 ரூபாய். இதைப் பல பேர் மறந்துடறாங்க.

ஜிஎஸ்டி: பச்சைப் பூண்டுக்கு வரி இல்ல. அதை மட்டும் விக்கிறவருக்குப் பதிவும் தேவையில்ல. ஊறுகாய்க்கு வரி உண்டு. தமிழ்நாட்டுக்குள்ள சரக்கு விக்கிறவங்களுக்கு வருஷ விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினா பதிவு கட்டாயம். ஆனா வரி உள்ள சரக்கை வெளி மாநிலத்துக்கு அனுப்பினா இந்த 40 லட்சம் வரம்பு உங்களுக்குப் பொருந்தாது. வடுகபட்டியில இருந்து போடி மெட்டு, குமுளி தாண்டினா கேரளா. பக்கத்து ஊருன்னு நினைச்சு ஊறுகாயை ஏத்தி அனுப்பிடாதீங்க, உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

இதோட பேரூராட்சியில தொழில் உரிமம். அப்புறம் பேங்க்ல கரண்ட் அக்கவுன்ட். தனிநபர் தொழிலுக்குக் கணக்கு தொடங்க, கடைப் பேர்ல பொதுவா ரெண்டு ஆதாரம் கேப்பாங்க. மேல சொன்னதுலயே அது கிடைச்சுடும். அதனாலதான் முதல் நாள்ல இருந்தே பேரோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும்னு சொல்றேன். ஒண்ணுல 'பட்டி'க்கு ஐ, இன்னொண்ணுல ஒய்னு போட்டுட்டா அப்புறம் கவுன்ட்டர் கவுன்ட்டரா அலையணும்.

இப்ப நல்லா கவனிங்க. இத்தனை பேப்பர்லயும் உங்க கடைப் பேர் இருக்கும். ஆனா ஒரு பேப்பர் கூட "இந்தப் பேரை வேற யாரும் வைக்கக் கூடாது"ன்னு சொல்லாது. சின்னமனூர்ல ஒருத்தர் அதே பேர்ல உத்யம் வாங்கினா போர்ட்டல் தடுக்காது.

சரி, கம்பெனி ஆரம்பிச்சா? அதே பேர்ல இன்னொரு கம்பெனி பதிய முடியாது, அவ்வளவுதான். பக்கத்துத் தெருவுல ஒருத்தர் அந்தப் பேர்ல ஊறுகாய் விக்கிறதை அது தடுக்காது. அதைவிட மோசம், அந்தப் பேரை ஏற்கெனவே டிரேட்மார்க்கா பதிஞ்சவர் ஒருத்தர் இருந்தா, உங்க கம்பெனிப் பேரையே மாத்தச் சொல்லி உத்தரவு வாங்கலாம். கம்பெனிகள் சட்டத்துல 16ஆவது பிரிவுல இதுக்கு இடம் இருக்கு.

பேர் உங்களுதுன்னு சொல்ற ஒரே பதிவு டிரேட்மார்க். 1999ஆம் வருஷச் சட்டம். தனிநபரா ஆன்லைன்ல விண்ணப்பிச்சா ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். கிடைச்சா விண்ணப்பிச்ச நாள்ல இருந்து 10 வருஷம், அப்புறம் புதுப்பிச்சுக்கலாம்.

எந்தப் பேர் உங்களுக்குச் சொந்தமாகும்?

எல்லாப் பேரும் ஆகாது. நம்ம தம்பதி முதல்ல யோசிக்கிற பேர் என்னவா இருக்கும்? 'வடுகபட்டி பூண்டு'. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊர்ப் பேரும் சரக்குப் பேரும் சேர்ந்த பேரை ஒருத்தருக்கு மட்டும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க. அதுதான் நியாயமும் கூட. சந்தையில நிக்கிற அத்தனை பேருக்கும் அந்தப் பேர் பொது.

அடுத்து 'கொடைக்கானல் மலைப்பூண்டு'. இது இன்னும் சிக்கல். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. அதை யாரும் தனி பிராண்டா எடுத்துக்க முடியாது. மலைப்பூண்டு அல்லாத பூண்டைப் பாக்கெட்டுல போட்டு அந்தப் பேரை அச்சடிச்சா அது குற்றம், ஜெயில் தண்டனை வரைக்கும் சட்டத்துல இடம் இருக்கு. நிஜமாவே மலைப்பூண்டு விளைவிக்கிறவங்க, அதை முறையாக் கையாளுறவங்க சென்னை கிண்டியில இருக்கிற புவிசார் குறியீட்டுப் பதிவகத்துல அங்கீகரிக்கப்பட்ட பயனாளராப் பதிஞ்சுக்கலாம். 500 ரூபாயா இருந்த அந்தக் கட்டணத்தை 2020ல 10 ரூபாயாக் குறைச்சிட்டாங்க. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல குறியீடு கிடைச்சுது. அந்தப் பக்கம் இருக்கிறவங்களும் இதைக் குறிச்சுக்கோங்க.

மூணாவது, சாமி பேர். 'ஸ்ரீ முருகன்', 'பாலமுருகன்' வைக்கிறதுல தப்பே இல்ல. ஆனா ஒரே தெருவுல நாலு முருகன் இருக்கும்போது உங்க முருகனைத் தனியாப் பிரிச்சுக் காட்டுறது கஷ்டம். ஊதுபத்திக்கு 'ராமாயணம்'னு பேர் கேட்ட வழக்குல, புனித நூலோட பேரை ஒருத்தர் தனக்கு மட்டும்னு உரிமை கொண்டாட முடியாதுன்னு 2015ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. சாமி பேர் வேணும்னா அதோட உங்களுக்கே உரிய ஒரு சொல்லைச் சேர்த்துக்கோங்க.

அப்ப எது பலமான பேர்? சரக்கை விவரிக்காத பேர். நல்லெண்ணெய்க்கு 'இதயம்'னு பேர். அதுல எள்ளும் இல்ல, எண்ணெயும் இல்ல. 1916ல விருதுநகர்ல ஆரம்பிச்ச காளிமார்க்கோட 'பொவொன்டோ'வுக்குத் தமிழ்ல என்ன அர்த்தம்? ஒண்ணும் கிடையாது. ஆனா கேட்டதும் கண்ணு முன்னாடி பாட்டில் வந்து நிக்குது இல்ல? அர்த்தம் இல்லாத பேரை மக்கள் மனசுல பதிய வைக்க நாள் பிடிக்கும். பதிஞ்சிட்டா அதை யாரும் பங்கு கேக்க முடியாது.

சில சமயம் பேரை நாம வைக்கிறதில்ல, வாடிக்கையாளர் வச்சிடுவாங்க. நமக்குப் பக்கத்துலயே இருக்கு உதாரணம். திண்டுக்கல்ல 1957ல நாகசாமி நாயுடு ஆரம்பிச்ச கடையோட பேர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். அவர் கட்டியிருந்த தலப்பாவைப் பாத்து ஜனங்க வச்ச பேர்தான் 'தலப்பாக்கட்டி'. போர்டுல எழுதின பேர் பின்னாடி போயி, ஜனங்க கூப்பிட்ட பேர் சொத்தா மாறிச்சு. அப்புறம் அந்தப் பேரை யார் வச்சுக்கலாம்னு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போச்சு. உங்க சரக்கை ஜனங்க ஒரு பட்டப்பேர் சொல்லிக் கேக்க ஆரம்பிச்சா, சிரிச்சுட்டு விட்டுடாதீங்க. அதையும் பதிஞ்சு வைங்க.

பதியும்போது கவனிக்க வேண்டியவை

முதல்ல தேடுங்க. டிரேட்மார்க் அலுவலகத் தளத்துல தேடல் இலவசம். எழுத்து மாத்தி, உச்சரிப்பு மாத்தி, தமிழ்ப் பேரை இங்கிலீஷ்ல எத்தனை விதமா எழுதலாமோ அத்தனை விதமாவும் தேடுங்க. கேக்க ஒரே மாதிரி இருந்தாலே ஆட்சேபணை வரும்.

அடுத்து வகுப்பு. மொத்தம் 45 வகுப்பு இருக்கு. பச்சைப் பூண்டு 31ல வரும். ஊறுகாய் மாதிரி பதப்படுத்தின காய்கறிச் சரக்கு 29ல வரும். மசாலாப் பொடி 30. எல்லாத்துலயும் போட்டா ஒவ்வொண்ணுக்கும் 4,500 போகும். எது உங்க தொழிலைத் தாங்கி நிக்குதோ அதுல முதல்ல போடுங்க. நம்ம தம்பதிக்கு அது 29.

லோகோவை விடப் பேரைச் சொல்லாப் பதியுறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன். லோகோவை ரெண்டு வருஷத்துல மாத்திடுவீங்க. சொல் மாறாது.

விண்ணப்பிச்ச உடனே 'டிஎம்'னு போட்டுக்கலாம். வட்டத்துக்குள்ள 'ஆர்' போடுறது பதிவு கிடைச்ச பிறகுதான். அதுக்கு முன்னாடி போட்டா சட்டப்படி தப்பு. பரிசோதனை அறிக்கையில ஆட்சேபணை வந்தா 30 நாளுக்குள்ள பதில் கொடுக்கணும். இதழ்ல வெளியான பிறகு 4 மாசம் வரைக்கும் யார் வேணும்னாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். ஏஜென்ட்கிட்ட கொடுத்துட்டு மறந்துடாதீங்க. விண்ணப்பத்துல உங்க சொந்த மெயில், சொந்த ஃபோன் நம்பர் இருக்கான்னு பாருங்க.

காசே செலவில்லாத ஒரு பாதுகாப்பும் இருக்கு: முதல் பில். ஒரு பேரை முதல்ல, தொடர்ந்து பயன்படுத்தினவருக்குப் பதிவு இல்லாட்டியும் சட்டம் ஓரளவு துணை நிக்கும். ஆனா நிரூபிக்கணும். தேதி போட்ட பில், லேபிள் அச்சடிச்ச ரசீது, கூரியர் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. துண்டுச் சீட்டுல கணக்கு எழுதி, சாயங்காலம் கிழிச்சுப் போடுற பழக்கம் இருந்தா இன்னைக்கே விடுங்க.

பேர் யார் பேர்ல?

யாரும் பேசாத விஷயம் இது. நம்ம ஊர்ல பதிவுன்னு வந்தா, யார் ஆபீசுக்குப் போறாங்களோ அவங்க பேர்லயே எல்லாம் ஆயிடும். பெரும்பாலும் ஆம்பளைங்க. ஊறுகாய்ப் பக்குவம் அந்தம்மாவோடது. உப்பு, புளி, எண்ணெய்க் கணக்கு அவங்க கையில. டிரேட்மார்க் மட்டும் கணவர் பேர்லயோ மச்சினர் பேர்லயோ இருக்கும். சில வீட்ல இதுக்கு நேர்மாறு. பெண்களுக்குக் கடன்ல சலுகைன்னு மனைவி பேர்ல எல்லாத்தையும் பதிவாங்க. கையெழுத்துப் போட மட்டும் அவங்க, கணக்கு வழக்கு எதுவும் தெரியாது. கடன் நின்னு போனா பேங்க் தேடி வர்றது அவங்களைத்தான்.

தொழில் நல்லா ஓடாட்டி இது பிரச்சனையே இல்ல. ஓட ஆரம்பிச்சாதான் பிரச்சனை. அண்ணன் தம்பி பிரியும்போது பாத்திரத்தைப் பிரிக்கலாம், பாக்கி வசூலைப் பிரிக்கலாம், மெஷினைக் கூட விலை போட்டுப் பிரிக்கலாம். பேரை எப்படிப் பிரிப்பீங்க? ரெண்டு பேரும் வச்சுக்கிட்டா ரெண்டு பேருக்கும் மதிப்புக் குறையும். ஒருத்தர் எடுத்துக்கிட்டா இன்னொருத்தர் இத்தனை வருஷம் உழைச்சது தெருவுக்கு வந்துடும்.

அதனால என்னோட யோசனை இது. ஒருத்தர் உழைப்புல நிக்கிற தொழில்னா, பேரும் உத்யமும் கணக்கும் அவர் பேர்லயே இருக்கட்டும். ரெண்டு பேர் உழைப்புன்னா கூட்டு ஒப்பந்தம் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துல பதிஞ்சிடுங்க. பதிவு கட்டாயமில்ல, ஆனா பதியாத கூட்டு நிறுவனம் பாக்கி வசூலுக்குக் கூட கோர்ட்டுக்குப் போக முடியாது. ஒப்பந்தத்துல ஒரு வரி கட்டாயம் இருக்கணும்: பிரிஞ்சா பேர் யாருக்கு, மத்தவருக்கு என்ன ஈடு. கூட்டு நிறுவனம் பேர்ல டிரேட்மார்க் போடும்போது உத்யம் சான்றைக் காட்டினா கட்டணம் 4,500தான். இல்லன்னா 9,000.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள, கூடப் பொறந்தவங்களுக்குள்ள எதுக்குங்க எழுத்து?"ன்னு கேப்பீங்க. நல்லா இருக்கும்போது எழுதுறதுதான் சுலபம். சண்டை வந்த பிறகு எழுத உக்காந்தா ஒரு வரி எழுத மூணு வக்கீல் வேணும்.

அப்ப கம்பெனியே வேண்டாமா?

அப்படிச் சொல்லல. வெளியாள்கிட்ட முதலீடு வாங்கப் போறீங்க, பெரிய கடன் எடுக்கப் போறீங்க, நஷ்டம் வந்தா சொந்த வீட்டுக்கு வரக்கூடாதுன்னு நினைக்கிறீங்க... இந்த நிலைமை வந்தா கம்பெனிதான் சரி. தனிநபர் தொழில்ல கடைக் கடன் உங்க சொந்தக் கடன், அதை மறைச்சு நான் பேச மாட்டேன்.

ஆனா அந்த நிலைமை வர்றதுக்கு முன்னாடியே கம்பெனி போட்டா என்ன ஆகும்? ஒரு பாக்கெட் விக்காட்டியும் வருஷா வருஷம் ஆடிட் உண்டு. கணக்கறிக்கை ஒரு படிவம், ஆண்டறிக்கை ஒரு படிவம். தாமதமானா ஒவ்வொண்ணுக்கும் நாளுக்கு 100 ரூபாய். ரெண்டு படிவத்தையும் ஒரு வருஷம் மறந்தா 73,000 ரூபாய். நம்ம தம்பதி கையில இருந்ததே அம்பதாயிரம்!

"நான் எங்க போயி டிரேட்மார்க் கேஸ் போடப் போறேன்?"னும் கேக்கலாம். போட வேண்டாம். ஆனா நீங்க பதியாத பேரை நாளைக்கு வேற ஒருத்தர் பதிஞ்சுட்டு உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினா? அச்சடிச்ச லேபிள் எல்லாம் குப்பை. ஆன்லைன்ல நீங்க போட்ட பக்கம் ஒரே புகார்ல காணாமப் போகும். அந்த 4,500 ரூபாய் மத்தவங்க மேல கேஸ் போடுறதுக்கு இல்ல, உங்க மேல கேஸ் வராம இருக்கிறதுக்கு.

எந்த வரிசையில பண்ணலாம்?

1. அஞ்சு பேர் எழுதுங்க. ஊர்ப் பேர், சரக்குப் பேர் மட்டும் இருக்கிறதை அடிச்சிடுங்க.
2. மீதியை டிரேட்மார்க் தளத்துல தேடுங்க. தப்பிச்சு நிக்கிறதுல ஒண்ணை எடுங்க. தமிழ், இங்கிலீஷ் எழுத்தை ஒரே மாதிரி முடிவு பண்ணுங்க.
3. யார் பேர்லன்னு வீட்ல உக்காந்து பேசுங்க. எழுதுங்க.
4. உத்யம், எஃப்எஸ்எஸ்ஏஐ, பேரூராட்சி உரிமம், பாக்கெட் பதிவு, அப்புறம் கரண்ட் அக்கவுன்ட்.
5. டிரேட்மார்க் விண்ணப்பம். இது முடியாம லேபிளை ஆயிரக்கணக்குல அச்சடிக்காதீங்க.
6. முதல் பில்லைப் பத்திரமா வைங்க.

போர்டு வைக்கும்போது தமிழ் முதல்லயும் பெருசாவும் இருக்கணும்ங்கிறது தமிழ்நாட்டு விதி. தேனி மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு தடவை நேர்ல போயி, உங்க தொழிலுக்கு இப்ப என்ன மானியம் நடப்புல இருக்குன்னு கேளுங்க. கட்டணங்களும் வரம்புகளும் மாறும், அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்தந்த அரசுத் தளத்துல ஒரு தடவை சரிபாத்துடுங்க.

இந்த ஆறுல மூணாவதைத் தள்ளிப் போடத்தான் எல்லாருக்கும் தோணும். அதுக்கு ஃபீஸ் கிடையாது, போர்ட்டல் கிடையாது, ஓடிபி கூட வராது. இன்னைக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு அதைப் பேசிடுங்க.